கேள்வி முதலா, பேஸேஜ் முதலா? பவளப்பாறை அழிவுப் பேஸேஜ் ஒன்றை வைத்து மூன்று வழிகளின் ஒப்பீடு

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் அகாடமிக் ரீடிங்கில் 60 நிமிடம், 3 பேஸேஜ், 40 கேள்வி. லிசனிங்கில் காகிதத் தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கிடைப்பதுபோல விடைகளை எடுத்தெழுதத் தனி நேரம் இதில் கிடையாது. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. பேஸேஜுக்கு 20 நிமிடம் என்று பிரித்தால் 13 அல்லது 14 கேள்விகளை அதற்குள் முடிக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. முழுதாகப் படித்துவிட்டுக் கேள்விக்குப் போ என்பது ஒன்று. கேள்வியைப் பார்த்துவிட்டு விடையைத் தேடு என்பது இன்னொன்று. பேஸேஜின் எலும்புக்கூட்டை மட்டும் முதலில் பிடித்துக்கொள், பிறகு கேள்வியோடு சேர்த்து நிதானமாகப் படி என்பது மூன்றாவது.

எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்வதைவிட, ஒரு வகைப் பேஸேஜை எடுத்துச் சோதிப்பது பயன் தரும். பவளப்பாறை அழிவு அதற்குத் தோதான தலைப்பு. ஒரு கண்டுபிடிப்பாளரின் வாழ்க்கை பற்றிய பேஸேஜ் ஆண்டு வரிசையில் ஓடும். கண்ணாடி செய்யும் முறை பற்றியது படிப்படியாகப் போகும். அவற்றில் எந்த வழியில் போனாலும் பெரிய சேதம் வராது. பவளப்பாறை அழிவுப் பேஸேஜ் காரணங்களால் கட்டப்பட்டது. ஒரு காரணம் இன்னொன்றை மறைத்து நிற்கும். இருபது ஆண்டுக்கு முன்பு நடந்த ஒன்றின் விளைவு பிறகு வேறொரு நிகழ்வு வந்தபின்தான் வெளியே தெரியும். கேள்விகளும் அந்த முடிச்சுகளைக் குறிவைத்தே வரும். வழியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தவருக்கு மதிப்பெண் நழுவுவதும் அங்கேதான்.

இந்தக் கட்டுரையில் பேஸேஜ் என்றால் முழுப் பகுதி, பத்தி என்றால் அதற்குள் வரும் ஒரு பத்தி. கீழே உள்ளது ஒப்பீட்டுக்காக எழுதிய சிறு பேஸேஜ். ஜமைக்காவில் உண்மையில் நடந்தது இது. தேர்வில் வருவது ஆங்கிலத்தில், 800 அல்லது 900 சொல் நீளத்தில் இருக்கும்.

அ. 1970-களின் இறுதியில் ஜமைக்காவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளின் பரப்பில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. அதே காலத்தில் பாசி மூடிய பரப்பு 4 சதவீதத்திலிருந்து 92 சதவீதமாக உயர்ந்தது.

ஆ. சரிவின் தொடக்கம் அதற்கும் முந்தியது. மக்கள்தொகை பெருக, சிறுகண் கம்பிவலைக் கூடுகளை வைத்து மீன் பிடிப்பதும் பெருகியது. 1960-களின் இறுதிக்குள் வடகரையில் மீன்வளம் 80 சதவீதம் வரை குறைந்திருந்தது. பாசியை மேயும் கிளிமீன்களும், கடல் முள்ளெலிகளை (சீ அர்ச்சின்) தின்னும் மீன்களும் ஒருசேரக் குறைந்தன. ஆனாலும் பாசி பெருகவில்லை. தின்ன ஆளில்லாமல் பெருகிய டயடெமா என்ற நீண்ட முள் கொண்ட கருநிற முள்ளெலி, மீன்கள் விட்டுப்போன மேய்ச்சல் வேலையைச் செய்துவந்தது.

இ. 36 ஆண்டுகள் பெரிய சூறாவளி எதையும் காணாத இந்தப் பாறைகளை 1980-ல் ஆலன் சூறாவளி தாக்கியது. ஆழம் குறைந்த இடங்களில் இருந்த மான்கொம்புப் பவளங்கள் நொறுங்கின. அதன் பிறகு, வெறுமையான பாறையில் இளம் பவளங்கள் வந்து ஒட்டிக்கொண்டு, 1983 வரை மெதுவாக மீட்சி நடந்துவந்தது.

ஈ. 1983-ல் பனாமா அருகே தென்பட்ட ஒரு நோய் கரீபியன் கடல் முழுக்கப் பரவி டயடெமாக்களைக் கொன்றது. பல இடங்களில் நூற்றுக்கு 95-க்கும் மேல் செத்தன. எந்தக் கிருமி என்று அப்போது கண்டறிய முடியவில்லை. மேய்வதற்கு இப்போது மீனும் இல்லை, முள்ளெலியும் இல்லை.

உ. பாசி மூடிய பாறையில் இளம் பவளங்கள் ஒட்ட இடமில்லை. வளர்ந்த பவளங்களையும் பாசி ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வந்தது. 1990-களில் சில ஆழம் குறைந்த இடங்களில் டயடெமா திரும்பி வந்தபோது, அங்கே பாசி குறைந்து இளம் பவளங்கள் கூடின.

இதற்கு ஏழு கேள்விகள் (ட்ரூ என்றால் பேஸேஜ் சொல்வதோடு ஒத்துப்போவது, ஃபால்ஸ் என்றால் அதற்கு முரணானது, நாட் கிவன் என்றால் பேஸேஜில் சொல்லப்படாதது):

1. ஆ பத்திக்குப் பொருந்தும் தலைப்பு எது: "மீன்பிடி பவளத்தை அழித்த விதம்" அல்லது "வெளியே தெரியாமல் வளர்ந்த பலவீனம்"?
2. மீன்கள் குறைந்த உடனே பாசி பெருகத் தொடங்கியது. ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்?
3. 1980 சூறாவளிக்குப் பிறகு பவளங்கள் மீளும் அறிகுறியே காட்டவில்லை. ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்?
4. கடல்நீர் சூடானதால் முள்ளெலி நோய் வேகமாகப் பரவியது. ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்?
5. கோடிட்ட இடம்: 1990-களின் தொடக்கத்தில் பாறைப்பரப்பில் ____ சதவீதத்தைப் பாசி மூடியிருந்தது.
6. ஓர் உயிரினம் மீண்டதால் கிடைத்த பலன் எந்தப் பத்தியில் சொல்லப்படுகிறது?
7. ஆசிரியர் ஆலன் சூறாவளியைப் பற்றிச் சொல்வது எதற்காக? (க) அழிவுக்கு அதுவே முதற்காரணம் என்று காட்ட (ங) மேயும் உயிர்கள் இருந்தவரை பாறை மீளக்கூடியதாக இருந்தது என்று காட்ட (ச) சூறாவளிகள் அடிக்கடி வரத் தொடங்கிவிட்டன என்று காட்ட.

முதல் வழி: முழுதாகப் படிப்பது

நிமிடத்துக்கு 200 சொல் புரிந்து படிப்பவருக்கு 900 சொல் பேஸேஜ் நாலரை நிமிடம். 130 சொல் படிப்பவருக்கு ஏறக்குறைய ஏழு நிமிடம். அதன் பிறகு 13 நிமிடத்தில் 13 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பேஸேஜுக்குத் திரும்பிப் போகவும் வேண்டும். இரண்டாவது ஆளுக்கு மூன்றாம் பேஸேஜில் கடைசி நான்கு கேள்விகள் ஊகமாகிவிடும்.

இந்த வழியின் பலம் 1, 6, 7 போன்ற கேள்விகளில் தெரியும். கதை முழுதும் மனதில் இருப்பதால் ஏழாவது கேள்விக்கு (ங) என்பது உடனே பிடிபடும். சூறாவளி வந்தது, பாறை எழுந்து நின்றது, முள்ளெலி போனதும் விழுந்தது. இந்த வரிசையைப் பார்த்தவர் (க) பக்கம் போகமாட்டார்.

பலவீனம் இரண்டு. எண்களும் ஆண்டுகளும் தலையில் தங்காது. ஐந்தாவது கேள்விக்கு மறுபடி தேடத்தான் வேண்டும். அதைவிடப் பெரியது, தெரியாத சொல்லில் வண்டி நின்றுபோவது. ஸூசாந்தெல்லே (பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசி) என்று ஒரு சொல் வந்ததும் அரை நிமிடம் அதிலேயே நிற்பவர்கள் பலர். தேர்வில் துறைச்சொல் வந்தால் பெரும்பாலும் அடுத்த வாக்கியமே அதை விளக்கிவிடும், இல்லாவிட்டால் பேஸேஜின் அடியில் பொருள் தரப்பட்டிருக்கும். அதற்காக நிற்கவே கூடாது.

இரண்டாம் வழி: கேள்வியிலிருந்து தேடுவது

பயிற்சி வகுப்புகளில் அதிகம் சொல்லப்படுவது இதுதான். கேள்வியில் ஒரு முக்கியச் சொல்லை அடிக்கோடிடு, பேஸேஜில் அதைத் தேடு, சுற்றியுள்ள வரியைப் படி, விடையை எழுது. ஐந்தாவது கேள்விக்கு இதை விட வேகமான வழி கிடையாது. "1990", "சதவீதம்" இரண்டும் கண்ணில் பட்டதும் 92 கிடைத்துவிடும். பதினைந்து விநாடி வேலை.

அதே வேகம் மூன்றாவது கேள்வியில் காலை வாரிவிடுகிறது. "1980", "சூறாவளி" என்று தேடிப் போகிறவர் இ பத்தியின் முதல் வாக்கியத்தில் இறங்குகிறார். அடுத்த வாக்கியத்தில் பவளங்கள் நொறுங்கியதாக இருக்கிறது. அழிவு என்று மனம் முடிவு கட்டிவிடும். ட்ரூ போட்டுவிட்டு நகர்வார். விடை அதற்கும் அடுத்த வாக்கியத்தில், "மீட்சி" என்ற சொல்லில் இருக்கிறது. சரியான விடை ஃபால்ஸ். இரண்டாவது கேள்வியும் அப்படியே. மீன் குறைந்ததைச் சொல்லும் வாக்கியத்திலேயே பாசி என்ற சொல்லும் இருக்கிறது. கேள்வியின் இரண்டு சொற்களும் ஒரே இடத்தில் கிடைத்த திருப்தியில் ட்ரூ போடுவார்கள். அடுத்து வரும் "ஆனாலும்" என்ற ஒற்றைச் சொல் கேள்வியைத் தலைகீழாக்குகிறது.

நான்காவதில் சிக்கல் வேறு மாதிரி. கடல் வெப்பம் என்று தேடினால் பேஸேஜில் எங்கும் இல்லை. இல்லாததைத் தேடுவதற்கு முடிவு கிடையாது. மூன்று நிமிடம் கரைந்துவிடும். இதற்கு ஒரு கட்டுப்பாடு உதவும். ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கேள்விகளின் விடைகள் பேஸேஜில் வரும் வரிசையிலேயே இருக்கும். மூன்றாவதன் விடை இ பத்தியில் என்றால், நான்காவது அதற்குக் கீழேதான். நோயைப் பற்றிப் பேசும் இடம் ஈ பத்தி ஒன்றே. அங்கே நோய் தொடங்கிய இடம், செத்த அளவு, கிருமி தெரியாதது என மூன்று செய்திகள் உண்டு. பரவிய வேகத்துக்குக் காரணம் சொல்லப்படவில்லை. நாட் கிவன் என்று எழுதிவிட்டு நகரலாம். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இதற்குக் கொடுக்க வேண்டாம்.

ஃபால்ஸுக்கும் நாட் கிவனுக்கும் நடுவே குழம்புகிறவர்களுக்கு ஒரு சோதனை. பேஸேஜிலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டி "இது சொல்வதும் நீ சொல்வதும் ஒன்றாக இருக்க முடியாது" என்று சொல்ல முடிந்தால் ஃபால்ஸ். அப்படி ஒரு வரியும் காட்ட முடியாவிட்டால் நாட் கிவன். மூன்றாவது கேள்விக்கு மீட்சி வரியைக் காட்டலாம். நான்காவதுக்குக் காட்ட எதுவும் இல்லை.

மூன்றாம் வழி: எலும்புக்கூடு, பிறகு கேள்வி

முதல் பத்தியை முழுதாகப் படியுங்கள். மற்றப் பத்திகளில் முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் போதும். நடுவில் கண்ணை ஓடவிட்டு, திருப்பம் காட்டும் சொல் எங்கே என்று மட்டும் பாருங்கள். ஹவெவர், டெஸ்பைட், யெட், அன்டில், இன்ஸ்டெட், ஒன்லி வென் போன்றவை வந்தால் அந்த வாக்கியத்தை முழுதாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஓரத்தில் மூன்றிலிருந்து ஆறு சொல்லுக்குள் குறிப்பு. காகிதத் தேர்வென்றால் கேள்வித்தாளிலேயே எழுதலாம். கணினித் தேர்வென்றால் சொல்லைத் தேர்ந்தெடுத்து வண்ணமிடும் வசதியும் குறிப்பு எழுதும் வசதியும் உண்டு.

ஜமைக்கா பேஸேஜுக்கு அந்தக் குறிப்பு இப்படி இருக்கும்:

அ: முன்னும் பின்னும், எண்கள்
ஆ: மீன் குறைந்தும் முள்ளெலியால் பாசி இன்னும் வரவில்லை
இ: புயல், ஆனால் மீட்சி
ஈ: நோய், முள்ளெலி போயிற்று
உ: பாசி தடுக்கிறது; முள்ளெலி வந்தால் மீட்சி

இதற்கு மூன்றிலிருந்து நான்கு நிமிடம் ஆகும். ஆனால் ஆ வரியில் உள்ள "இன்னும் வரவில்லை" முதல் கேள்வியையும் இரண்டாவதையும் தீர்த்துவிட்டது. "மீன்பிடி பவளத்தை அழித்த விதம்" என்ற தலைப்பு பார்வைக்குப் பொருத்தமாக இருக்கும்; பத்தியின் முதல் பாதி முழுக்க மீன்பிடிதானே. ஆனால் அந்தப் பத்தி முடியும்போது பவளம் இன்னும் அழியவில்லை. தலைப்புக் கேள்வியில் பத்தியின் பாதிக்கு மட்டும் பொருந்தும் தலைப்பு எப்போதும் தூண்டில். முழுப் பத்திக்கும் பொருந்துவது "வெளியே தெரியாமல் வளர்ந்த பலவீனம்". இ வரியின் "ஆனால் மீட்சி" மூன்றாவதையும் ஏழாவதையும் தீர்க்கிறது. உ வரி ஆறாவதை.

இந்த வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு. குறிப்பு எழுதப் பழகாதவர்கள் நீளமாக எழுதிவிடுவார்கள். பத்தி ஒன்றுக்கு ஆறு சொல்லைத் தாண்டினால் அது குறிப்பு அல்ல, நகல். இன்னொன்று, முதல் வாக்கியம் எப்போதும் பத்தியின் மையமாக இருக்காது. ஆ பத்தியில் மையம் ஐந்தாவது வாக்கியத்தில் இருக்கிறது. முதல் வாக்கியத்தை மட்டும் படி என்று சொல்லிக்கொடுப்பது இந்த வகைப் பேஸேஜில் ஆபத்து. திருப்பச் சொல்லைத் தேடும் படியை விட்டால் இந்த வழியே பயனற்றுப்போகும்.

கேள்விகளை எடுக்கும் வரிசையும் முக்கியம். தலைப்புப் பொருத்துதல் இருந்தால் எலும்புக்கூடு கட்டும்போதே முடித்துவிடுங்கள். காகிதத் தேர்வில் தலைப்புப் பட்டியலைப் பேஸேஜுக்கு முன்னாலேயே அச்சிட்டுத் தருவது இதற்கு வசதி. அடுத்து, வரிசையாக ஓடும் ட்ரூ, ஃபால்ஸ் கேள்விகளும் கோடிட்ட இடங்களும். "எந்தப் பத்தியில் சொல்லப்படுகிறது" என்ற வகை பேஸேஜ் வரிசையில் வராது, அதைக் கடைசிக்கு வையுங்கள். மற்றவற்றை முடிக்கும்போது பேஸேஜை ஏறக்குறைய முழுதும் படித்திருப்பீர்கள் என்பதால் அப்போது அது எளிதாகிவிடும்.

பவளப்பாறையைப் பற்றி முன்கூட்டிப் படிக்கலாமா?

இதுவும் தேர்வுக்கு முன் எடுக்க வேண்டிய ஒரு முடிவுதான். சொல்லுக்காகப் படியுங்கள், செய்திக்காக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பாலிப், லார்வே, ப்ளீச்சிங், ஹெர்பிவோர், கிரேஸிங், செடிமென்ட், ரன்ஆஃப், அசிடிஃபிகேஷன், ரெசிலியன்ஸ் ஆகிய சொற்கள் தெரிந்திருந்தால் வேகம் கூடும்.

அல்கே (பாசி) என்ற சொல்லில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். ஒரே பேஸேஜில் அது நண்பனாகவும் பகைவனாகவும் வரும். பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசி அதற்கு உணவும் நிறமும் தருகிறது. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயர்ந்து சில வாரம் நீடித்தால் பவளம் அதை வெளியேற்றிவிடும், அதுதான் வெளுத்தல். பாறைமேல் வளர்ந்து பவளத்தை மூடுவதும் அல்கேதான், ஆனால் அது வேறு, பெரிய பாசி. "பாசி குறைந்தது பவளத்துக்கு நல்லது" என்பது ஜமைக்கா பேஸேஜில் சரி, வெளுத்தல் பேஸேஜில் நேர் எதிர். எந்தப் பாசி என்று பத்திக்குப் பத்தி பார்த்துக்கொள்ள வேண்டும். வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல என்பதும் கேள்வியாக வரத் தக்கது. வெப்பம் விரைவில் தணிந்தால் நுண்பாசி திரும்பிப் பவளம் பிழைக்கலாம்.

செய்தி அறிவு எப்படிக் கெடுக்கும் என்பதற்கு நான்காவது கேள்வியே சாட்சி. 1998, 2016 ஆண்டுகளின் பெரும் வெளுத்தலைப் பற்றிப் படித்தவர், பவளம் என்றதும் வெப்பம் என்று நினைத்து ட்ரூ போட்டுவிடுவார். நம்மவர்களுக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த வரலாறு தெரிந்தவருக்கு, "மனிதச் செயலால் அழிவு" என்ற சொல்லைப் பார்த்ததும் அதுவே நினைவில் வரும். ஜமைக்கா பேஸேஜில் மனிதச் செயல் என்பது மீன்பிடி ஒன்றுதான். ஒவ்வொரு விடைக்கும் பேஸேஜில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா என்று கேட்டுக்கொண்டால் இந்தத் தவறு நிற்கும்.

யார் எதை எடுப்பது

முதலில் உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். பழகாத அறிவியல் பேஸேஜ் ஒன்றைக் கடிகாரம் வைத்துப் படித்து, மூடிவைத்துவிட்டு, எது எதற்குக் காரணம் என்று நான்கு வாக்கியத்தில் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். 900 சொல்லை ஐந்து நிமிடத்துக்குள் முடித்து, காரண வரிசையையும் தப்பில்லாமல் சொல்ல முடிந்தால் முதல் வழியிலேயே இருங்கள், மாற்றத் தேவையில்லை.

அந்த வேகம் இல்லை, ஆனால் பேண்ட் 7 (9-க்கு 7 என்ற மதிப்பெண் நிலை) வேண்டும் என்பவருக்கு மூன்றாம் வழிதான். அகாடமிக் ரீடிங்கில் பேண்ட் 7-க்கு 40-க்கு ஏறக்குறைய 30 சரியாக வர வேண்டும். பத்துக் கேள்வியை மட்டுமே இழக்கலாம் என்னும்போது, காரணத் தொடர்பைக் கேட்கும் கேள்விகளை விட்டுக்கொடுக்க முடியாது. இது கைவர மூன்று வாரமாவது, நாளுக்கு ஒரு பேஸேஜ் என்று பழக வேண்டும். முதல் வாரத்தில் மதிப்பெண் குறையத்தான் செய்யும், அதைப் பார்த்துக் கைவிட்டுவிடாதீர்கள்.

பேண்ட் 6 போதும் என்பவருக்கு ஏறக்குறைய 23 விடை. தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்றால் புது வழி பழக நேரமில்லை. இரண்டாம் வழியிலேயே போகலாம், ஆனால் ஒரே ஒரு திருத்தத்தோடு: தேடிய சொல் கிடைத்த வாக்கியத்துக்கு முந்திய ஒன்றையும் பிந்திய இரண்டையும் படிக்காமல் விடை எழுதக் கூடாது. மேலே 2, 3 ஆகிய கேள்விகளில் விழுந்தவர்களை அந்த ஒரு பழக்கமே காப்பாற்றியிருக்கும்.

நேரத்தை மூன்றுக்கும் சமமாகப் பிரிப்பதைவிட 17, 20, 23 நிமிடம் என்று பிரிப்பது நல்லது. பேஸேஜ்கள் போகப் போகக் கடினமாகும். பவளப்பாறைப் பேஸேஜ் முதலாவதாக வந்தால் செய்தி நேராக இருக்கும், இரண்டாம் வழிகூடத் தாக்குப்பிடிக்கும். மூன்றாவதாக வந்தால் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு, ஆசிரியரின் நிலைப்பாடு என்று போகும். அங்கே எலும்புக்கூடு இல்லாமல் இறங்க வேண்டாம்.

கடைசி ஒரு நிமிடத்தைக் கோடிட்ட இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். "இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்" என்று இருக்கும்போது மூன்று சொல் எழுதினால், விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண் இல்லை. எழுத்துப்பிழைக்கும் இல்லை. பன்மைக்கான எஸ் இருக்கிறதா என்று வாக்கியத்தோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். சீ அர்ச்சின் என்று ஒருமையில் எழுதிவிட்டு, அடுத்து வரும் வினைச்சொல் "were" என்று பன்மையில் நின்றால், எஸ் விட்டுப்போயிருக்கிறது.